ஒற்றைக் கை ஸ்வெட்டர்

சக்காவோ நீரிணையில் படகைக் கட்டும் கயிறு
என் இடது கையையும் சேர்த்து
இரும்புக் குற்றியில் ஒரு சுற்று சுற்றியது.
நான்கு நொடி இருக்கும்.
பதினான்கு மாதமாக
அந்த நான்கு நொடிக்குள்ளேயே குடியிருக்கிறேன்.

எலும்பு சேர்ந்துவிட்டது என்றார்
புவெர்த்தோ மோன்ட் மருத்துவர்.
எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்.
நல்ல எலும்பு.
என்னுடையதுதானா என்று கேட்க நினைத்தேன்.
பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல் என்றார்.
காலையில் குடைகிறது, மதியம் கடுக்கிறது,
மழைக்கு முன்னே விண்விண்ணென்று தெறிக்கிறது,
எதற்கு எண் வைப்பது?
ஏழு என்றேன்,
எழுத அவருக்கு ஏதாவது வேண்டுமே.

கதவிடுக்கில் வரும் காற்று பட்டாலே
கொதிக்கும் எண்ணெய் தெறித்த மாதிரி.
தோல் ஒரு நாள் சிவக்கும், மறுநாள் நீலம் பாரிக்கும்,
நகம் மட்டும் யாரோ போல வளர்ந்துகொண்டிருக்கும்.
சிலோயே தீவில் ஆட்டு ரோமம் இல்லாமல்
குளிர்காலத்தைத் தாண்டியவர் கிடையாது.
எதெல்வினா தான் பின்னிய ஸ்வெட்டரை
மடியில் போட்டு
இடது கையைத் தோளோடு வெட்டினாள்.
வெட்டும்போது என்னைப் பார்க்கவில்லை.
வெட்டியதை எறியவும் இல்லை.

ஒனோஃப்ரே துறையில் வைத்துச் சொன்னான்:
கை பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது.
இன்சூரன்ஸ்காரரும் அதையே
நல்ல தாளில் அச்சடித்து அனுப்பினார்.

கஸ்த்ரோ ஆஸ்பத்திரி மாடியில்
யாஸ்னா என்ற பெண் மட்டும்
கையைப் பார்க்குமுன் என் முகத்தைப் பார்த்தாள்.
வலி பொய் இல்லை, பெலார்மினோ.
பழைய செய்தி, அவ்வளவுதான்.
மூடுபனி விலகியது தெரியாமல்
ஊதிக்கொண்டே இருக்கும் உங்கள் படகுச் சங்கு.
கோபித்தால் அது நிற்காது.
பனி இல்லையென்று
மெதுவாகத்தான் நம்பவைக்க வேண்டும்.

முதலில் படங்கள்.
யார் யாருடைய கைகளோ, சீட்டுக்கட்டு போல.
இது இடதா வலதா?
நாற்பத்தாறு வருடம் கையோடு வாழ்ந்தவன்
இடது கைப் படம் வந்தால் திணறினேன்.
பிறகு ஓர் அட்டைப் பெட்டி, பக்கவாட்டில் கண்ணாடி.
வலிக்கும் கை பெட்டிக்குள் ஒளிந்திருக்க
வலது கை விரலை மடக்கினேன்.
கண்ணாடியில் என் இடது கை
வலியில்லாமல் மடங்கியது.
வியர்த்துக் குமட்டியது.
எழுந்து வெளியே போய் மழையில் நின்றேன்.
மறுநாள் இரண்டு நிமிடம் உட்கார்ந்தேன்.

வீட்டில் உருளைக்கிழங்கு.
கத்தி வலதில், கிழங்கு இடதில், மூன்று மட்டும்.
நான்காவது முடியும் என்று தோன்றினாலும் வை,
முடியாத நாளிலும் மூன்றில் ஒன்றாவது எடு.
நவம்பரில் ஒரு நாள் வெயில் அடித்தது,
கை மறந்துபோனது.
கூடை முழுக்க உரித்தேன், சீழ்க்கை அடித்துக்கொண்டு.
அடுத்த மூன்று நாள்
சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.
எதெல்வினா அந்தக் கிழங்குகளை வேகவைத்து
ஒன்றும் சொல்லாமல் தட்டில் வைத்தாள்.
அதைவிடத் திட்டியிருக்கலாம்.

பட்டுத் துண்டில் தொடங்கி,
பழைய சட்டை, பிறகு துவாலை.
தினம் ஐந்து தடவை, கெண்டி கொதிக்கும் வரைக்கும்
தோலைத் தேய்த்துச் சொல்லவேண்டும்:
இது துணி. வெறும் துணி.
கம்பளி கடைசி.
அலமாரியிலிருந்து எதெல்வினா எடுத்துத் தந்தது
அந்த வெட்டிய கையை.
தேய்த்தேன். சுரீரென்றது. கண் கலங்கியது.
கெண்டி கொதிக்கும் வரை விடவில்லை.

தைத்துவிடவா என்று கேட்டாள் ஈஸ்டர் வாரத்தில்.
தெரியவில்லை என்றேன்.
உண்மையிலேயே தெரியவில்லை.
அன்றிரவு விளக்கடியில் உட்கார்ந்து
தோள்பட்டையைச் சுற்றி ஆறு பொத்தான் வைத்தாள்,
ஒன்றுக்கொன்று நிறம் சேராத பொத்தான்கள்.

இன்று காலை நான்கைப் போட்டேன்.
தெற்கே மேகம் கட்டியபோது
இரண்டைக் கழற்றினேன்.
சங்கு ஊதுகிறது.
எனக்கும் காது கேட்கிறது, என்ன செய்ய.
அடுப்பில் தண்ணீர் வைத்திருக்கிறேன்,
மேசையில் மூன்று கிழங்கு.